ஓடாத காரில் ஒளிந்திருக்கும் இயற்பியல்

ஏதேனும் ஒரு கொட்டகையில் கோழிகள் அடையும் பழைய கார் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். இராஜபாளையத்தில் என் நண்பர் வீட்டிலும் அப்படி ஓர் அம்பாசடர் ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதைச் சீர்செய்து, சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. கோடை விடுமுறையில் அவருடைய பிள்ளைகளும் நானும் துணைக்குச் சேர்ந்தோம்.

அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி 1950களின் இறுதியில் நம் நாட்டில் உருவானது. 2014-இல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் அதன் உற்பத்தி நின்றது. அமைப்பு எளியது, ஆகவே கற்றுக்கொள்ள ஏற்றது.

இறுகிய எஞ்சின்

முதலில் எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்தோம். அசையவில்லை. காரணம் என்ன? பிஸ்டனைச் சுற்றியுள்ள இரும்பு வளையங்கள் உருளையின் இரும்புச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தன. இரும்பு, ஈரம், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். குறுகிய இடைவெளியில் அது ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதல்லவா? அதே நுண்புழை ஏற்றத்தால் கலவை மெல்லிய இடைவெளிகளில் புகும். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும்.

பிறகு ஸ்பானரின் பிடியில் ஒரு குழாயைச் செருகினோம். 20 செ.மீ. நீளப் பிடியில் 200 நியூட்டன் விசை தந்தால் திருப்புத்திறன் 40 நியூட்டன் மீட்டர். நீளத்தை 60 செ.மீ. ஆக்கினால் அதே விசைக்கு 120 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ஆயினும் முரட்டுத்தனம் கூடாது, வளையம் முறிந்துவிடும். முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தோம். நான்காம் நாள் நூலளவு நகர்ந்தது! அதன்பின் உள்ளிருந்த கலவையை வெளியேற்றி, எஞ்சின் எண்ணெயையும் மாற்றினோம்.

மின்சாரத்தால் துரு நீக்கம்

சிறிய இரும்புப் பாகங்களை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்தோம். பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல் எடுத்து, 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்தோடும், நேர்முனையை ஓர் இரும்புத் துண்டோடும் இணைத்தோம். பாகத்தின்மேல் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் துருவைத் தளர்த்துகின்றன. துருவின் ஒரு பகுதி எலெக்ட்ரான்களைப் பெற்று, எளிதில் தேய்த்தெடுக்கக்கூடிய கரும்பொருளாகிறது. ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. எனவே இதைத் திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும். நேர்முனையில் எவர்சில்வரைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாகக் கரையும்.

ஒரு நிமிடச் சோதனை

எஞ்சின் உறுமியதும் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். "இப்போதே போகலாம் சார்!" என்றார்கள். பிரேக் மிதியை அழுத்திப் பார்த்தேன், உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டே இருந்தபோது, மிதி சிறிது சிறிதாகத் தரையை நோக்கி இறங்கியது! பின்சக்கரம் ஒன்றில் ரப்பர் அடைப்பு வெடித்து, திரவம் கசிந்துகொண்டிருந்தது. அன்று புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கணக்கிட்டுப் பாருங்கள். ஆட்களோடு காரின் நிறை 1,400 கிலோகிராம், வேகம் மணிக்கு 54 கி.மீ., அதாவது வினாடிக்கு 15 மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் 1,57,500 ஜூல். 30 டிகிரி வெப்பநிலையிலுள்ள அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! தேருக்கு முட்டுக்கட்டை போடும்போது உராய்வு செய்யும் வேலையைக் காரில் பிரேக் கட்டைகள் செய்கின்றன. இந்த ஆற்றல் அனைத்தும் வெப்பமாகி வெளியேற வேண்டும்.

நம் கால் தரும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது பாஸ்கல் விதிப்படி இயங்கும் பிரேக் திரவம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலையில் இந்த எல்லை 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தைப் போலன்றி ஆவி எளிதில் சுருங்கும். ஆகவே கால் அழுத்தினாலும் சக்கரத்தில் விசை போய்ச் சேராது.

ரப்பர் பாகங்கள் அனைத்தையும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் மாற்றினார்; புதுத் திரவமும் ஊற்றினார். பதிவுச் சான்றையும் புதுப்பித்த பிறகே கார் சாலைக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் பட்டபோது நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நின்றது! எங்களுக்கு அதுவே பெரிய வெற்றி. பழைய வாகனத்தை ஓட வைப்பதற்கு முன், நிற்க வைக்கக் கற்க வேண்டும்.

சிந்திக்க: காரின் வேகம் இரு மடங்கானால், பிரேக்கில் தோன்றும் வெப்பம் எத்தனை மடங்காகும்?