அருவத்திற்கு ஓர் அரங்கம்

நுழையும்முன்

சிதம்பரத்தில் ஆடல்வல்லானின் உருவத் திருமேனியையும் அருவுருவமான படிகலிங்கத்தையும் வணங்குவோர், திரை விலகியதும் பொன் வில்வமாலைகள் தொங்கும் வெளியையும் வணங்குகின்றனர். உருவமின்றியும் ஒன்றை உணர்த்தலாம் என்பது தமிழர்க்குப் புதிதன்று. இக்காலக் கலையிலும் அருவம் உண்டு. அதற்கு இடமளித்த பழைய கட்டடம் ஒன்றைப் பற்றியது இப்பாடம்.

அருவ ஓவியம்

மரம், மலை, மனிதர் முதலிய புறப்பொருள்களின் சாயலைத் தீட்டாமல், நிறம், கோடு, ஒளி ஆகியவற்றையே பொருளாகக் கொள்வது அருவ ஓவியம். சொற்களற்ற ஆலாபனையைக் கேட்டு மகிழ்வோர் அதன் பொருள் யாதென வினவுவதில்லை. அருவ ஓவியமும் அவ்வாறே நுகரத்தக்கது. மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்ற வி.எஸ். கைதொண்டே (1924–2001) இத்துறையில் தலைசிறந்தவர். வண்ணத்தைப் படலம் படலமாகப் பரப்பி, ஒளி உள்ளிருந்து கசிவதுபோல் தீட்டியவர் அவர். இத்தகைய படைப்புகளை அமைதியான இடத்தில், தக்க ஒளியில், விலகி நின்று காண வேண்டும். ஆகவே, காட்சிக்கூடம் இன்றியமையாததாகிறது.

மண்டபம் மீண்ட வரலாறு

மும்பையில் சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் பொதுமண்டபம் 1911இல் கட்டி முடிக்கப்பட்டது. இந்திய நுழைவாயிலை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்டே இதனையும் வடிவமைத்தார். இசை நிகழ்ச்சிகளும் பொதுக்கூட்டங்களும் நிகழ்ந்த இம்மண்டபம் காலப்போக்கில் பொலிவிழந்தது. இதனைக் கலைக்கூடமாக்க வேண்டுமெனக் குரல்கொடுத்தோருள் சிற்பி பீலூ போச்கானாவாலா குறிப்பிடத்தக்கவர். உலோகத் துண்டுகளை இணைத்து அருவச் சிற்பங்கள் படைத்த அவர், 1986இல் மறைந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1996இல், அம்மண்டபத்தில் தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பெற்றது. கனவு கண்டவர் அதனைக் காணவில்லை. காணும் பேறு அடுத்த தலைமுறைக்கு வாய்த்தது.

பழைமையும் புதுமையும்

பழைய புறத்தோற்றம் காக்கப்பட்டது. உள்ளே, ஒரே பெருங்கூடமாக இருந்த இடம் படிக்கட்டுகளால் இணைந்த பல தளங்களாயிற்று. தில்லியில் 1936இல் எழுந்த ஜெய்ப்பூர் இல்லம் 1954இலும், பெங்களூரின் மாணிக்கவேலு மாளிகை 2009இலும் இவ்வாறே கலைக்கூடங்களாயின. பூட்டிவைத்த கட்டடம் சிதையும். மக்கள் புழங்கும் கட்டடமே வாழும். பழைய சுவர்கள் புதிய கலைக்கு நிழல் தந்தன; புதிய கலை அச்சுவர்களுக்கு வாழ்வு தந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பயன்பாடின்றிக் கிடக்கும் பழைய கட்டடம் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதனை எவ்வாறு பயன்படுத்தலாம் எனக் கட்டுரை எழுதுக.
2. எப்பொருளின் உருவத்தையும் வரையாமல், மழைநாளின் உணர்வை நிறங்களால் மட்டும் வெளிப்படுத்தி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.