வயலில் உயர்மின் கோபுரம்: விவசாயிகள் அறிய வேண்டியவை

சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் மின்பாதை அமைக்க முற்பட்டபோது, கொங்குப் பகுதி விவசாயிகள் கடுமையாக எதிர்த்தனர். 2018 டிசம்பரில் உண்ணாவிரதமும் இருந்தனர். விளைநிலத்தைத் தவிர்த்து, சாலையோரமாகப் பூமிக்கடியில் கேபிள் பதிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் பாதையில், கேரளத்தில் சுமார் 27 கிலோமீட்டர் தூரம் அவ்வாறே கேபிள் பதிக்கப்பட்டது. கொங்கு நிலங்களிலோ கோபுரங்களே எழுந்தன.

இழப்பு எவ்வளவு?

கோபுரம் நிற்கும் இடம் மட்டுமே இழப்பு அன்று. 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் கணக்கிடப்படுகிறது. சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் நடுவே நேராகக் கம்பி சென்றால், ஏறக்குறைய 72 சென்ட் இதற்குள் அடங்கிவிடும். அதில் நிலக்கடலை, மஞ்சள் பயிரிடலாம். தென்னை வைக்க இயலாது. இருக்கும் மரங்களும் வெட்டப்படும். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியைக் கம்பிக்குக் கீழே நிறுத்துவதும் ஆபத்தானது.

சட்டம் சொல்வது

1885 ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் பிரிவுகள் மின்பாதைகளுக்கு இன்றும் பொருந்தும். இதன்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். மின் நிறுவனத்துக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உண்டு. விளையும் சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். விவசாயி தடுத்தால், மாவட்ட ஆட்சியர் பணிக்கு அனுமதி அளிக்கலாம். இழப்பீடு போதாதெனில் மாவட்ட நீதிபதியிடம் மனு செய்யலாம்.

மத்திய மின் அமைச்சகம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுர அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பி செல்லும் பாதைக்கு 30 சதவீதமும் வழங்கலாம் என்கிறது. பயிர், மரங்களுக்கான இழப்பீடு தனி.

செய்ய வேண்டியவை

1. அளவீட்டின்போதே ஆட்சேபணையை எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெறவும். அடித்தளம் போட்டபின் பாதையை மாற்றுவது கடினம்.

2. சர்வே எண், பாதையின் அகலம், கோபுர இடம் காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கவும்.

3. மரங்களை வயது வாரியாக எண்ணி, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் பதியச் செய்யவும். கிணறு, குழாய்களையும் சேர்க்கவும்.

4. தம் மாவட்டத்தில் நடைமுறையிலுள்ள இழப்பீட்டு வீதத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறியவும்.

5. தொகை எழுதாத படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பாதையில் உள்ள விவசாயிகள் அனைவரும் ஒன்றுகூடி மனுக் கொடுத்தால் கோரிக்கை வலுப்பெறும். வெட்டப்பட்ட தென்னைக்குப் பின்னாளில் சாட்சி இராது. வெட்டுமுன் எழுதிய பட்டியலே சாட்சி.