நாவின் தீர்ப்பும் பரிசுப் பதக்கமும்

கண்காட்சியில் தேன் வைத்துப் பரிசு பெறாத உறுப்பினர், தேர்வாளர் ஒருதலையாய் நடந்தார் என ஐயுறுவது இயல்பு. உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. அதனை அறிய, அயல்நாட்டு ஆராய்ச்சி ஒன்றை நோக்குவோமாக.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் திராட்சை மதுவுக்குப் பதக்கம் வழங்குவர். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்னும் ஓய்வு பெற்ற பேராசிரியர் 2005 முதல் 2008 வரை அங்கே ஒரு சோதனை நடத்தினார். பெயர் மறைத்த கிண்ணங்களுள், ஒரே புட்டியில் வார்த்த மதுவை மும்முறை கலந்து வைத்தார். மூன்றுக்கும் ஒரே பதக்கத் தரத்துள் மதிப்பெண் இட்டோர் பத்தில் ஒருவரே! ஏனையோரோ, தம் தீர்ப்புக்குத் தாமே மாறுபட்டனர். அவர்கள் வஞ்சகர் அல்லர், பழுத்த அனுபவசாலிகள்.

இம்மாறுபாடு எதனால்? பல மாதிரிகளைச் சுவைத்தபின் நா களைத்துவிடும். மிக இனிப்பான ஒன்றை அடுத்து வருவது சப்பென்று தோன்றும். ஒருவர் மணத்தையும் மற்றொருவர் நிறத்தையும் பெரிதென மதிப்பர். முதலில் வாய் திறப்பவரின் கருத்து மற்றவரையும் இழுத்துச் செல்லும்.

நம் குமரி மாவட்டத்துத் தேனுக்கும் இது பொருந்தும். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் மாசி, பங்குனி மாதங்களில், இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரே இங்குத் தேனின் பெருவரவு. ஒரே தோட்டத்துத் தேனும், முதிராமுன் எடுத்தால் நீர்த்து, நாளடைவில் புளிக்கும். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தேனின் ஈரப்பதம் பொதுவாக நூற்றுக்கு 20 பங்கை மிஞ்சலாகாது. இதனை நாவால் அறிய இயலாது. ஒளிவிலகல்மானி நொடியில் காட்டும். நெசவாளர் ஓர் அங்குலத்து இழைகளைக் கண்ணாடி வைத்து எண்ணுவதில்லையா? அதுபோன்றதே இது.

ஆகவே, சங்கங்கள் கைக்கொள்ளத் தக்க முறைகள் இவை:

1. அளக்கக் கூடியதை அளந்தே முடிவு செய்க.
2. பெயரை மறைத்து எண் மட்டும் இடுக.
3. ஓர் அமர்வில் சில மாதிரிகளே வைக்க.
4. ஒரு மாதிரியை இருமுறை வைத்துத் தேர்வாளரையும் சோதிக்க.
5. மூவர் தனித்தனியே மதிப்பெண் எழுதிய பின்னரே கலந்து பேசுக.

பரிசு ஒரு நாள் மகிழ்ச்சி. ஆனால் கொள்முதல் விலையும் இவ்வாறே ஒருவர் நாவினால் முடிவு செய்யப்படின், ஓராண்டு உழைப்பின் பயன் தற்செயலுக்கு இரையாகும். தராசு நேராக நிற்பின், தோற்றவரும் மனம் ஆறுவர், சங்கமும் தழைக்கும்.