ஞானப்பூ: ஒரு பெயரின் கதை

எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பெயர்களின் பொருளைப் பற்றிய பாடம் நடந்தது. “உங்கள் குடும்பத்தில் தேவசகாயம் என்ற பெயருடையவர் யாரேனும் உண்டா?” என்று கேட்டேன். பாட்டா, சித்தப்பா, மாமா, அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வகுப்பில் பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. “சரி, ஞானப்பூ என்ற பெயர் யாருக்கேனும் உண்டா?” என்றேன். ஒரு கையும் உயரவில்லை. பின் பெஞ்சில் சிலர் சிரித்தனர். “அது எந்தச் செடியில் பூக்கும், டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள்.

அந்தச் சிரிப்பை நான் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய பெண்மணி, முதல் கேள்விக்குக் கை உயர்த்த வைத்த அதே தேவசகாயத்தின் மனைவி என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பெயரின் பொருள்

முதலில் இலக்கணம். ஞானம் + பூ = ஞானப்பூ. மரம் + பெட்டி = மரப்பெட்டி என்று ஆவதைப் போலவே, நிலைமொழியின் ஈற்றில் உள்ள மகர மெய் கெட்டு, வருமொழியின் வல்லினம் மிகுந்தது. ஞானமாகிய பூ என்று இதை விரிக்கலாம்.

ஞானம் என்றால் அறிவு என்று நாம் அறிவோம். ஆனால் தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கில் இச்சொல்லுக்கு இன்னொரு சாயலும் உண்டு. ஞானஸ்நானம், ஞானத்தாய், ஞானத்தந்தை, ஞானோபதேசம் என்ற சொற்களை எண்ணிப் பாருங்கள். இவற்றிலெல்லாம் ‘ஞான’ என்பது ஆன்மாவைச் சார்ந்தது என்னும் பொருளைத் தருகிறது. ஆகவே ஞானப்பூ என்றால், ஆன்ம வாழ்வில் மலர்ந்த பூ. ஞானஸ்நானத்தில் பெறும் பெயருக்கு இதைவிட ஏற்றது வேறென்ன?

பெயர் வந்த வழி

இப்பெயர் திரேசா என்ற பெயருக்கு ஈடாகச் சூட்டப்பட்டது. வெளிநாட்டுப் புனிதர்களின் பெயர்கள் நம் நாட்டில் மூன்று வழிகளில் தமிழாயின.

முதலாவது, ஒலியைத் தழுவி வந்தவை. போர்த்துக்கீசியரின் ‘ஜோசே’ நம் நாவில் சூசை ஆயிற்று; ‘இனாசியோ’ இன்னாசி ஆயிற்று. இரண்டாவது, பொருளைத் தழுவி வந்தவை. பவுல் என்ற பெயருக்கு இலத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள். ஆகவே அவர் சின்னப்பர் ஆனார். லாசர் என்பது ‘எலெயாசர்’ என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம். ‘கடவுள் துணை செய்தார்’ என்பது அதன் பொருள். ஆகவே தேவசகாயம் ஆயிற்று. மூன்றாவது வழியில், ஒலியும் பொருளும் தழுவாமல் முற்றிலும் புதிய தமிழ்ப் பெயரே பிறந்தது. ஞானப்பூ இந்த மூன்றாம் வகை.

திரேசா என்ற பெயர் முதலில் ஸ்பெயின் நாட்டில் வழங்கியது. அதன் பொருளைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அறுவடை செய்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது பலரும் கூறும் விளக்கம். அதை உலகறியச் செய்தவர் அவிலா நகரின் புனித திரேசம்மாள் (1515–1582). ஜெபத்தின் படிகளைப் பற்றி ஆழ்ந்த நூல்களை எழுதிய இவரை, 1970-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அச்சிறப்பைப் பெற்ற முதல் பெண் இவரே. அவருடைய பெயருக்கு ஞானம் என்ற சொல் எவ்வளவு பொருத்தம்!

பூ என்ற சொல்லைக் கண்டு, ‘சிறுமலர்’ என்று நாம் அழைக்கும் லிசியு நகரத் திரேசாவின் நினைவு உங்களுக்கு வரலாம். ஆனால் அவர் பிறந்தது 1873-இல். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே நம் பக்கத்தில் திரேசா என்ற பெயர் பூவாகிவிட்டது. பின்னர் அந்தச் சிறுமலரின் பெயரைத் துறவறத்தில் ஏற்றவர்தாம் கல்கத்தாவின் அன்னை தெரேசா. 1910-இல் ஸ்கோப்ஜே நகரில் பிறந்த அவருடைய இயற்பெயரில் ‘கோஞ்சே’ என்ற சொல் உண்டு. அல்பேனிய மொழியில் அதற்கு மொட்டு என்று பொருள்!

பெயரைத் தாங்கியவர்

அவருடைய முதற்பெயர் பார்கவி. பிருகு முனிவரின் வழிவந்தவள் என்று பொருள்படும் இப்பெயர் திருமகளுக்கும் உரியது. கணவர் நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன். இவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பத்மநாபபுரத்தில் பணியாற்றினார். 1741-இல் குளச்சல் போரில் மன்னரிடம் தோற்றுப் பிடிபட்டு, பின்னர் அவருடைய படைக்கே பயிற்சி அளித்த டச்சுத் தளபதி டிலனாய் என்பவரிடமிருந்து நீலகண்டன் கிறிஸ்தவ மறையை அறிந்தார். 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவான புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பார்கவி அம்மாளும் மனம் மாறி ஞானப்பூ ஆனார்.

மாணவிகளே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். பெயர் மாறுவது அன்று ஏட்டில் ஓர் எழுத்தைத் திருத்துவது போன்றதன்று. பிறந்த வீடு, உறவு, ஊர்ப் பழக்கம் அனைத்தும் அதனோடு மாறின. திருவிதாங்கூரில் இருந்தால் துன்பம் நேரும் என்பதால், ஞானப்பூ அம்மாள் அன்று அந்த நாட்டு எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்திலேயே தங்கினார். இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள அவ்வூர், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அதிகத் தொலைவில் இல்லை. ஆனால் அன்று அது வேறு நாடு.

1749-இல் தேவசகாயம் சிறைப்பட்டார். மூன்று ஆண்டுகள் கொடிய துன்பங்களை அனுபவித்தபின், 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியில் உள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஞானப்பூ அம்மாளின் கல்லறையோ வடக்கன்குளத்தில் இருக்கிறது. வாழ்வில் எல்லைக்கோட்டால் பிரிந்த இருவரும் கல்லறையிலும் பிரிந்தே துயில்கின்றனர்.

பெயர் அரிதானது ஏன்?

2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் தேவசகாயம் முக்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்ற பெருமை நம் மாவட்டத்துக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் தம் ஆண் குழந்தைகளுக்கு அவர் பெயரைச் சூட்டிவந்தனர். மக்கள் ஒருவரை மறவாமல் காக்கும் வழி அது.

பெண் குழந்தைகளின் பெயர்கள் வேறு வழிகளில் வந்தன. ஆரோக்கியமேரி வேளாங்கண்ணியை நினைவூட்டுகிறாள். சகாயமேரி இடைவிடா சகாயமாதாவை நினைவூட்டுகிறாள். 1858-இல் மாதா காட்சி தந்த பிரான்சு நாட்டு லூர்து நகரம் நமக்கு லூர்தம்மாளைத் தந்தது. அப்பெயர் கொண்ட லூர்தம்மாள் சைமன், 1957-இல் குளச்சலில் வென்று காமராசரின் அமைச்சரவையில் இடம்பெற்றதை நம் மாவட்டம் மறக்காது. திரேசா என்ற பெயரும் திரேசம்மாள், தெரசா என்று பல உருவங்களில் நிலைத்தது. ஆனால் அதே பெயருக்கு நம் மண்ணில் மலர்ந்த தமிழ் வடிவம் மட்டும் வருகைப் பதிவேட்டில் காண்பதற்கு அரிதாயிற்று.

காரணம் கடினமானதன்று. மலையில் சிந்திய இரத்தத்தை ஊர் அறியும். எல்லைக்கு அப்பால் ஓர் அம்மாள் நாள்தோறும் தனிமையைச் சுமந்து வாழ்ந்ததை எவர் கண்டார்? தேவசகாயத்தின் வரலாற்றில் அவருக்குக் கிடைத்திருப்பவை சில வரிகளே. அவருக்கென்று மிஞ்சிய செல்வம் அந்தப் பெயர்தான். விசுவாசத்துக்காக ஒரு கணத்தில் உயிரைக் கொடுப்பது பெரிது. அதே விசுவாசத்துக்காக அயலூரில் வாழ்ந்து முடிப்பது சிறிதாகுமா?

பெற்றோர்கள் புதிய பெயர்களைத் தேடுவதை நான் குறை கூறவில்லை. ஓசை இனிமையைப் பார்ப்பது இயல்பு. ஆனால் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். மாணவிகளே, உங்கள் பாட்டிமாரின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அவற்றின் பொருளையும், யாருடைய நினைவாக அவை வந்தன என்பதையும் விசாரியுங்கள். சிரிப்பை வரவழைக்கும் பழைய பெயர்களில் சில, பெரிய துணிவை மறைத்து வைத்திருக்கக்கூடும்.

பின் பெஞ்சிலிருந்து கேட்ட அந்தக் கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிடுகிறேன். அந்தப் பூ செடியில் பூப்பதன்று, பிள்ளாய். நம் நாஞ்சில் நாட்டின் எல்லைக்கு அப்பால், வடக்கன்குளத்து மண்ணில், ஒரு பெண்ணின் உறுதியில் பூத்தது அது.