ஏரியைப் பார்க்கப் புறப்படும் மகளுக்கு

போச்சம்பள்ளி,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கண்ணுவுக்குப் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இன்று சந்தைக்கு வந்த உன் அப்பா என்னைத் தனியே அழைத்து, நீயும் விடுதியில் உன்னோடு தங்கியிருக்கும் சிநேகிதிகளும் பங்குனி பிறந்ததும் கொடைக்கானலுக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குள் நடந்து, பேரிஜம் ஏரிக்கரையில் ஓர் இரவு கூடாரமடித்துத் தங்க உத்தேசித்திருப்பதாகவும், மிகவும் சுலபமான நடை என்று சொல்லிப் பெங்களூரில் யாரோ ஒருவர் அதற்கு ஏற்பாடு செய்வதாகவும் தெரிவித்தான். தான் சொன்னால் கோபித்துக்கொள்வாய் என்று பயந்து, சொல்ல வேண்டிய பாரத்தை என்மேல் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவனை நீ தவறாக எண்ணாதே. நம் வீட்டில் தண்ணீர் என்றால் ஏன் இந்தப் பயம் என்பது உனக்குத் தெரியும். உன் சின்ன அத்தை இருக்கும் இடத்தில் தண்ணீரில் நாம் பறிகொடுத்தவர்களின் பேச்சை இன்றுவரை யாரும் எடுப்பதில்லை.

போகாதே என்று தடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஓசூரில் வாரம் முழுவதும் இயந்திர வரிசையின் முன்னே நின்றுகொண்டே உழைக்கிற பெண்களுக்கு மலைக்காற்றும் மரநிழலும் வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை; எங்கள் காலத்துப் பெண்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை என்ற வருத்தமும் உண்டு. பேரிஜத்தை நான் பார்த்திருக்கிறேன். கொடைக்கானல் நகரத்து ஏரி, 1863இல் லெவிஞ்ச் துரை உண்டாக்கியது, இன்று படகுகளும் குதிரைகளும் கடைகளுமாக எப்போதும் திருவிழாவாக இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் காட்டுச் சாலையில் போனால், பைன் மரங்களையும் சீகை மரங்களையும் மடிப்புக்கு மடிப்பு இருண்டு கிடக்கும் சோலைகளையும் கடந்து, கடையும் படகும் இல்லாத அந்த நீர்ப்பரப்பு திடீரென்று எதிரே விரியும்போது, உடன் வந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆகவே நீ ஆசைப்பட்டதில் குற்றம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஏரியை யாருக்கும் சொந்தமில்லாத இடமாக உன்னிடம் யாரோ வர்ணித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதுதான் என் மனத்தை உறுத்துகிறது. பேரிஜம் மனிதர் அணை கட்டித் தேக்கிய நீர். மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தில் இருக்கும் பெரியகுளத்து ஜனங்கள் குடிக்கிற நீர். கரையில் கூடாரமடித்து, அடுப்பு மூட்டி, சோப்பும் எச்சிலும் மற்றவையும் அந்தத் தண்ணீரில் கலக்கும்படி ஓர் இரவு தங்கிவிட்டு வருவது யாருடைய பானைக்குள் கைவிடுகிற காரியம் என்பதை, பாரூர்ப் பெரிய ஏரியின் பாசனத்தில் வளர்ந்த குடும்பத்துப் பெண்ணாகிய உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

நம் கடைமடைக் கழனியை நினைத்துப் பார். நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கிற தென்பெண்ணை கெலவரப்பள்ளியிலும் கிருஷ்ணகிரி அணையிலும் தங்கி, நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பிப் பாரூர் ஏரியை நிரப்பி, கிழக்குக் கால்வாய், மேற்குக் கால்வாய் என்று பிரிந்து ஏறத்தாழ 2,400 ஏக்கருக்குப் பாய வேண்டிய அந்த நீர், முறை வைத்துத் திறந்துவிடப்பட்ட வருஷங்களிலும் நம் வரப்பை எட்டாமல் போனதற்குக் காரணம் வானமா? மேல்மடையில் இருந்தவர்கள் இரவோடிரவாகக் கரையை வெட்டித் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கேட்கப் போன உன் தாத்தாவுக்கு என்ன நேர்ந்தது என்பதையும், அதற்குப் பிறகு அவர் வாய்க்கால் பக்கம் போகவே மறுத்ததையும் உன் அப்பா உனக்குச் சொல்லியிருப்பான். கரையை வெட்டியவர்கள் துஷ்டர்கள் அல்லர். நம்மோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தாம். ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கேட்பார் இல்லாத தண்ணீரை யாருடையதும் அன்று என்று எண்ணிவிட்டார்கள். இப்போது நீ இருக்கிற ஓசூரிலேயே இது பிரத்தியட்சம். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவையெல்லாம் சுமந்துவரும் ஆறு கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும்போது வெண்ணுரை மலைபோல் குவிந்து நிற்பதை நீயே கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினாய். மேலே இருப்பவர்களுக்கு மனச்சாட்சியே இல்லையா என்று கேட்டும் எழுதியிருந்தாய். பேரிஜத்தில் கூடாரமடிக்கிற அன்றைக்கு மேலே இருப்பவள் நீதான், கண்ணு.

இந்த விஷயத்தை எடுத்தால் நான் நீட்டிக்கொண்டே போவேன் என்று உன் பெரியம்மா உள்ளேயிருந்து சொல்கிறாள். உன் உயிரைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன்.

பேரிஜத்துக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. நாளொன்றுக்குக் குறிப்பிட்ட வாகனங்களைத்தான் விடுகிறார்கள். பகற்பொழுதில் போய்ப் பகற்பொழுதிலேயே திரும்பிவிட வேண்டும். கொடைக்கானலுக்குள் வண்டி நுழைவதற்கே 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டும். இவ்வளவு நிபந்தனைகள் இருக்கும் இடத்தில் இரவு தங்க வைக்கிறேன் என்று ஒருவர் வாக்களித்தால், அவர் உங்களை எந்த வழியாக, யார் கண்ணில் படாமல் அழைத்துச் செல்ல நினைக்கிறார் என்று நீ கேட்க வேண்டாமா?

அதுவும் பங்குனியில்! 2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் மலையேறப் போன பிள்ளைகள், உன்னைப் போலவே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற பெண்கள் பலர் அவர்களில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பாதைக்குத்தான் சீட்டு இருந்தது, இறங்கிய சரிவுக்கு இல்லை என்று பிற்பாடு பேசப்பட்டது. அந்தக் குழந்தைகளைக் குறைகூற எனக்கு நாக்கு எழாது. அவர்களுக்கு மலை புதிது. காய்ந்த போதைப்புல் மண்டிய சரிவில் பிற்பகல் காற்று மேல்நோக்கி வீசும்போது, கீழே பிடித்த தீ மனிதன் ஓடும் வேகத்தைவிட விரைவாக மேலே ஏறிவரும் என்பதை அந்த மலையில் பிறந்தவன் அறிவான்; ஊரிலிருந்து போனவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வருஷமே அரசாங்கம் மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தது. பின்பு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் நாற்பது பாதைகளைத் திறந்து, அந்தந்த மலைவாசி இளைஞர்களையே பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள். தீப்பருவம் என்பதால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அந்தப் பாதைகளையே மூடிவைக்கிறார்கள். அரசாங்கமே அஞ்சி அடைக்கிற மாதத்தை உங்கள் பெங்களூர் மனிதர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.

எந்தக் காட்டுக்குப் போனாலும் சில காரியங்களில் பிடிவாதமாக இரு. முன்னே மலைவாசி ஒருவர் நடக்கட்டும். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், கூலியில் பேரம் பேசக் கூடாது. கைப்பேசி வரைபடத்தை நம்பாதே. மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை இருக்காது, காட்டுக்குள் அலைவரிசையும் இருக்காது. காட்டெருமை சாதுவாக மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் படமெடுக்க நெருங்குகிறவர்கள்தாம் முட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். அது தலை நிமிர்ந்து பார்த்தாலே நீங்கள் பின்வாங்கிவிட வேண்டும். ஈரம் இருக்கும் காலத்தில் அட்டைக்கு உப்பு வைத்துக்கொள். மதியம் திரும்பியதும் புறப்பட்டுவிடு. ஏரித் தண்ணீரில் இறங்காதே. கணுக்காலளவு என்று தோன்றும் இடத்தில் சேறு இழுக்கும். மேல்மலைக் குளிரில் கைகால் மரத்துப்போகும். நீச்சல் தெரியும் என்று சொல்லாதே, நீச்சல் தெரிந்தவர்களைத்தான் நம் வீடு பறிகொடுத்தது.

இனி முடிவு உன்னுடையது. இரண்டு வழிகளைச் சொல்கிறேன், எதைத் தேர்ந்தாலும் எனக்குச் சம்மதமே. ஒன்று, பேரிஜத்தை மழை ஓய்ந்த மார்கழிக்குத் தள்ளிவைத்து, சீட்டு வாங்கி, வண்டியில் போய், வனக்காவலர் அனுமதிக்கிற இடத்தில் மட்டும் நடந்து, கரையில் உட்கார்ந்து கண்குளிரப் பார்த்துவிட்டுத் திரும்புவது. அதற்கு இன்னும் பதினோரு மாதம் பொறுக்க வேண்டும். இரவெல்லாம் பிரயாணம் செய்ய வேண்டும். விடுப்புக் கிடைக்குமோ கிடைக்காதோ. மற்றொன்று ஏலகிரி. திருப்பத்தூர் வழியாகப் போனால் காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கே வந்துவிடலாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் புங்கனூர் ஏரி. ஏலகிரியில் சுவாமிமலை உச்சிக்குப் போகும் பாதை வனத்துறை திறந்த அந்த நாற்பதில் ஒன்று. பிப்ரவரி நடுவுக்குள் போய்விடலாம். புங்கனூரில் ஞாயிறன்று கூட்டமிருக்கும், மறைப்பதற்கில்லை. ஆனால் உச்சியில் கூட்டமில்லை. நீங்கள் விரும்பினால் நானும் பெரியம்மாவும் அத்தனாவூர் வரை வந்து, நீங்கள் இறங்கிவரும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம். உங்கள் நடைக்கு நாங்கள் எந்த இடையூறும் செய்ய மாட்டோம்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நம் குடும்பத்தில் தன் சம்பாத்தியத்தில் தனக்கென்று ஒரு பிரயாணத்தை யோசித்த முதல் பெண் நீ. அதை நான் சந்தையில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். நல்ல பிடிப்புள்ள காலணி வாங்கிக்கொள், பணம் அனுப்புகிறேன். உன் சிநேகிதிகளுக்கும் சேர்த்தே அனுப்புகிறேன், மறுக்கக் கூடாது. பெரியம்மா இப்போதே எள்ளுருண்டைக்கு எள் புடைக்க உட்கார்ந்துவிட்டாள். எந்த மலைக்குப் போனாலும் என் ஆசி உண்டு. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய், வழிகாட்டியின் எண் என்ன என்பதைப் புறப்படுமுன் எழுதி அனுப்பு. இறங்கியதும், எந்நேரமானாலும், முதலில் உன் அப்பாவைக் கூப்பிடு. அதுவரை அவன் சாப்பிட மாட்டான்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா.