மயில் முட்டையும் அடைக்கோழியும்

வரப்போரப் புதரில் மயில் முட்டைகளைக் காண்போருள் சிலர், அவற்றை இல்லத்திற்குக் கொணர்ந்து கோழியிடம் அடைக்கு வைப்பதுண்டு. இரக்கத்தால் செய்யினும் இச்செயல் தீங்காக முடியக்கூடும். காரணங்களை ஆராய்வோம்.

மயிற்பேடு தரையைக் கீறி, பெரும்பாலும் 4 முதல் 6 முட்டைகள் இட்டு, ஆண் துணையின்றித் தானே ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கும். கோழி முட்டையோ 21 நாளில் பொரியும். ஆகவே, கோழி இடையில் எழுந்துவிடின் கரு மாண்டுபோகும். பொரித்தாலும், கோழியின் குடலில் அதற்குப் பெருந்தீங்கின்றித் தங்கும் நோய்க்கிருமி, மயிற்குஞ்சின் ஈரலைத் தாக்கிக் கொல்லவல்லது. மனிதரிடையே வளர்ந்த குஞ்சு, நாய்க்கும் நரிக்கும் அஞ்சக் கற்பதுமில்லை.

1963-இல் தேசியப் பறவையாக ஏற்கப்பெற்ற மயிலை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. முட்டைக்கு ஊறு செய்தலும் கூட்டைக் கலைத்தலும் அச்சட்டப்படி வேட்டையே ஆகும். 3 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு.

மயில் மேய்வதால் உழவர் அடையும் பயிரிழப்பை நாம் நன்கறிவோம். அதனை வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்தலே முறை. முட்டையை அகற்றுதல் தீர்வன்று.

கூட்டைக் கண்டால் சுற்றிலும் சில அடி அறுக்காது விடுவோம். நாய்களை நெருங்க விடாதிருப்போம். தாய் திரும்பாத கூடாயின் வனத்துறை அலுவலகத்திற்கு அறிவிப்போம். பொரித்த குஞ்சுகள் விரைவில் தாயைப் பின்தொடர்ந்து நடந்துவிடும். ஒரு மாதம் பொறுத்தால், பின்னர் அவ்விடத்தையும் அறுத்துக்கொள்ளலாம்.