கணினி வலையமைப்பில் நிலை வழியும் மாறு வழியும்

ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அது சேரவேண்டிய இடத்தின் முகவரி எண் உண்டு. அவ்வெண்ணைப் படித்து, பொதியை அடுத்து எத்திசையில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் சாதனமே ரூட்டர். தபால் பிரிக்கும் ஊழியர், தம் எதிரேயுள்ள பட்டியலைப் பார்த்துக் கடிதத்தை உரிய பையில் இடுவதை ஒத்ததே இதன் வேலை. அப்பட்டியலை எழுதுபவர் யார் என்பதே இங்கு ஆராய வேண்டியது.

பொறியாளர் தம் கையால் எழுதி வைக்கும் வழி நிலை வழி எனப்படும். ரூட்டர்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு தாமே எழுதி, நிலைமைக்கேற்பத் திருத்தியும் கொள்ளும் வழி மாறு வழி எனப்படும். பின்னது புதுமையானது, ஆகவே மேலானது என்று கருதுவோர் உளர். அக்கருத்து பொருந்தாது. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டில் தொடங்கிய ஆர்ப்பாநெட் வலையமைப்பிலேயே மாறு வழி முறை கையாளப்பட்டது. எந்த முறை ஏற்றது என்பதைத் தீர்மானிப்பது அதன் புதுமையன்று. அவ்விடத்திற்கு எத்தனை பாதைகள் உள்ளன என்பதே.

கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 2011ஆம் ஆண்டில் வேறொரு பெயரில் ஒப்புதல் பெற்ற அத்திட்டத்தின் தொடக்கக் கட்டங்களில், வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக்கு இழை பெரும்பாலும் ஒற்றை வரிசையாகவே சென்றது. அத்தகைய ஒற்றை இழையின் முனையிலுள்ள பள்ளியொன்றின் ரூட்டருக்கு, 'வெளி முகவரி எதுவாயினும் மேல்நிலையத்துக்கு அனுப்புக' என்ற ஒரு வரியே போதும். இழை அறுந்தால் திருப்பிவிட வேறு பாதை இல்லை. அங்கே மாறு வழி முறையைப் புகுத்துவதால் யாதொரு பயனும் விளையாது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தத் திட்டமோ, இழையை வளையமாக அமைக்க வகை செய்கிறது. வளையத்தில் இருபுறமும் பாதை உண்டு. ஒருபுறம் அறுந்தால் மறுபுறமாகச் செல்லலாம். ஆனால் அறுந்தது என்பதை ரூட்டர் எவ்வாறு அறியும்?

களப்பணியாளர் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. பல நிலையங்களில் இழை நேரே ரூட்டருக்குள் வருவதில்லை. ஒளிச் சைகையை மின் சைகையாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று இடையே உள்ளது. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் சாலை வேலைக்கு வந்த இயந்திரம் இழையை அறுத்துவிட்டது என்று கொள்வோம். பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடையிலுள்ள ஒரு முழக் கம்பிக்கு யாதொரு சேதமும் இல்லை. ரூட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கையால் எழுதிய வழி பட்டியலில் அப்படியே நிற்கும். பொதிகள் யாவும் அறுந்த இழையை நோக்கியே அனுப்பப்பட்டு அழியும். பழுதற்ற மற்றப் பாதை வெறுமனே கிடக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் விவரம் அனுப்பக் காத்திருப்பவரிடம், 'விளக்கு எரிகிறதே, கோளாறு எங்கள் பக்கம் இல்லை' என்ற பதிலே கிடைக்கும். இழைத் துண்டிப்பைக் கம்பிக்கும் தெரிவிக்கும் பெட்டிகள் உண்டு. எல்லாப் பெட்டிகளிலும் அவ்வசதி இல்லை.

மாறு வழி முறையில் ரூட்டர் விளக்கை நம்புவதில்லை. அண்டை ரூட்டரின் குரலையே எதிர்பார்க்கிறது. பரவலாக வழங்கும் ஓ.எஸ்.பி.எஃப். முறையில் வழக்கமாகப் பத்து வினாடிக்கு ஒரு முறை அக்குரல் வரும். 40 வினாடி வரை அது கேளாவிடில், அண்டை ரூட்டர் இல்லையெனக் கொண்டு, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கு முறைப்படி மிகக் குறைந்த செலவுள்ள பாதை மீண்டும் கணிக்கப்படும். முந்தைய ரிப் முறையில் இதற்கு மூன்று நிமிடம் வரை ஆகலாம்; 15 தாவல்களுக்கு மேற்பட்ட தூரத்தையும் அது ஏற்காது.

எனினும் பிறர் சொல்வதை நம்பும் முறைக்கு உரிய அபாயமும் இதற்கு உண்டு. 1980 அக்டோபர் 27ஆம் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் சில மணி நேரம் செயலற்றுப் போயிற்று. பழுதுற்ற ஒரு சாதனத்தால், ஒரே நிலையத்தின் நிலைச் செய்திகள் 8, 40, 44 என்ற வரிசை எண்களுடன் ஒருங்கே பரவின. எண்கள் 63க்குப் பின் மீண்டும் 0 எனச் சுழல்வன. ஆதலால் 8ஐவிட 40 புதியது, 40ஐவிட 44 புதியது, 44ஐவிட 8 புதியது என்று ஆயிற்று. ஒவ்வொரு சாதனமும் புதுச் செய்தி வந்ததெனக் கருதி அம்மூன்றையே ஓயாது சுற்றில் விட்டது. கையால் எழுதிய வரி ஒன்று தவறாயின் பெரும்பாலும் அதனைச் சார்ந்த இடத்தோடு தீங்கு நிற்கும். இத்தவறோ வலையமைப்பு முழுவதும் பரவியது.

இரண்டிற்கும் இடைப்பட்ட ஏற்பாடும் உண்டு. முதல் வழிக்குத் துணையாக, முன்னுரிமை குறைந்த இரண்டாம் நிலை வழி ஒன்றை எழுதி, முதல் பாதையின் மறுமுனையை ரூட்டர் அவ்வப்போது சோதிக்குமாறு செய்யலாம். இரண்டே பாதைகள் உள்ள சிறு நிலையத்துக்கு இது தக்கது. சோதனை இன்றி இரண்டாம் வரியை மட்டும் எழுதுவதால், மேற்கூறிய பச்சை விளக்குக் குறை தீராது.

எம்முறையை ஏற்றாலும், நிலையத்தை ஒப்படைக்கும் நாளில் ஒரு சோதனை செய்தல் வேண்டும். ரூட்டரின் அருகிலுள்ள கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது சோதனையாகாது. பெட்டிக்கு அப்பாலுள்ள இழையை, இயன்றால் மறுமுனையில் கழற்றி, பள்ளியின் கணினியில் தொடர்பு எத்தனை வினாடிகளில் மீள்கிறது என்பதைப் பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும்.